சைடுகார் புல்லட்டுக்கு ஸ்போக் வீல்: தேர்வும் பராமரிப்பும்

அத்தியாயம் 6

சைடுகார் பூட்டிய வண்டி வளைவில் சாயாது. இந்த அத்தியாயத்தில் வருவதெல்லாம் இந்த ஒரு விஷயத்திலிருந்து பிறப்பவைதான். தனி மோட்டார் சைக்கிள் சாய்ந்து திரும்பும்போது சுமை வீலுக்கு நேராகவே இறங்குகிறது. சாயாத வண்டி திரும்பும்போது தரை டயரைப் பக்கவாட்டில் தள்ளுகிறது. ரிம் ஹப்பை விட்டு ஒருபுறமாக ஒதுங்கப் பார்க்கிறது. அதைப் பிடித்து நிறுத்துபவை கம்பிகள் மட்டுமே. தனி வண்டியாக இருந்தவரை ஆண்டுக்கணக்கில் தொந்தரவு தராத வீல், சைடுகார் பூட்டிய சில மாதங்களில் கம்பி தளர்ந்து, கோட்டம் விழுந்து, ஒடியத் தொடங்குவது இதனால்தான்.

எடுத்துக்காட்டாகப் பழைய புல்லட் 350-ஐ வைத்துக்கொள்கிறேன். நம்மூரில் சைடுகார் என்றாலே பெரும்பாலும் புல்லட்தான். முன்னும் பின்னும் 19 அங்குல ரிம், 3.25-19 டயர், வீலுக்கு 40 கம்பி. உங்களிடம் ஜாவாவோ யெஸ்டியோ வேறு எதுவோ இருந்தாலும் வேலை முறை இதேதான். அளவுகளை மட்டும் அந்த வண்டியின் கையேட்டிலிருந்து எடுத்துக்கொள்ளுங்கள்.

முதலில் காகித வேலை

தயாரிப்பாளர் கொடுத்த அமைப்பிலிருந்து வண்டியை மாற்றுவதை 1988-ஆம் ஆண்டு மோட்டார் வாகனச் சட்டத்தின் 52-ஆம் பிரிவு கட்டுப்படுத்துகிறது. சைடுகார் பூட்டுவதற்கும் வீல் அளவை மாற்றுவதற்கும் முன்பே ஆர்.டி.ஓ. அலுவலகத்தில் கேட்டு, அனுமதி வாங்கி, ஆர்.சி. புத்தகத்தில் ஏற்றிக்கொள்ளுங்கள். இன்சூரன்ஸ் நிறுவனத்துக்கும் எழுத்தில் தெரிவித்துவிடுங்கள். பொருள் வாங்கிய பிறகு கேட்பதைவிட வாங்கும் முன் கேட்பது மலிவு.

கம்பி செய்கிற வேலை

மாட்டு வண்டிச் சக்கரத்தில் ஆரக்கால் கீழேயிருந்து முட்டுக்கொடுத்துச் சுமையைத் தாங்கும். மோட்டார் சைக்கிள் வீலில் அப்படியில்லை. இங்கே எல்லாக் கம்பிகளும் ரிம்மை ஹப்பை நோக்கி இழுத்துக்கொண்டே இருக்கின்றன. வீல் சுழலும்போது தரைக்கு நேரே வரும் கம்பியின் இழுப்பு சற்றுக் குறைந்து, மேலே போனதும் மீள்கிறது. 3.25-19 டயர் ஒரு கிலோமீட்டருக்கு ஏறக்குறைய 490 சுற்றுச் சுற்றும். அத்தனை முறையும் ஒவ்வொரு கம்பியும் தளர்ந்து இறுகுகிறது.

இறுக்கமாக இருக்கும் கம்பிக்கு இந்த ஏற்ற இறக்கம் ஒரு பொருட்டல்ல. தளர்ந்த கம்பியில் இழுப்பு பூஜ்யம் வரை போய், மறுபடி வெடுக்கென்று ஏறும். கம்பியை வளைத்து வளைத்து ஒடிப்பதற்குச் சமம் அது. தடித்த தளர்ந்த கம்பி, மெல்லிய இறுகிய கம்பிக்கு முன்பே ஒடிந்துவிடும். கனமான கம்பி போட்டுவிட்டோம், இனிக் கவலையில்லை என்று இருந்துவிடாதீர்கள்.

வீலைத் தேர்ந்தெடுத்தல்

*விட்டம்.* சிறிய வீலுக்குப் பக்கவாட்டு வலு அதிகம். டயர் தரையைத் தொடும் இடத்துக்கும் ஹப்புக்கும் உள்ள தூரம் குறையும்போது நெம்பும் விசையும் குறைகிறது. இரண்டாம் உலகப் போரில் ஜெர்மன் ராணுவத்துக்காகச் சைடுகாரோடு சேர்த்தே வடிவமைக்கப்பட்ட பி.எம்.டபிள்யூ. ஆர் 75, சுண்டாப் கே.எஸ். 750 இரண்டுக்கும் 19 அங்குலம் வைக்காமல் 16 அங்குல வீலும் 4.50-16 டயரும் கொடுத்தார்கள். நீங்கள் புல்லட்டின் 19 அங்குலத்தை 16 ஆக்க வேண்டியதில்லை. கியர் விகிதம், வண்டியின் உயரம், ஸ்டாண்டு எல்லாம் மாறிப்போகும். 19 அங்குலத்தோடு வாழலாம்; ஆனால் அது சைடுகாருக்காகப் பிறந்த வீல் அல்ல என்பது நினைவிருக்கட்டும்.

*ரிம்.* பழைய புல்லட்டுக்கு வருவது டபிள்யூ.எம். 2, அதாவது 1.85 அங்குல அகல ரிம். அடுத்த அளவான டபிள்யூ.எம். 3-இன் அகலம் 2.15 அங்குலம். அகல டயர் போடுவதாக இருந்தால் மட்டும் அதற்குப் போங்கள். சைடுகாருக்கு இரும்பு ரிம்தான் என் தேர்வு. அலுமினிய ரிம் எடை குறைவு, துரு கிடையாது. ஆனால் நம் சாலைப் பள்ளத்தில் அடி வாங்கும்போது இரும்பு நெளியும், அலுமினியம் வெடிப்பு விடக்கூடும். நெளிந்ததோடு வீடு வந்து சேரலாம்.

ரிம் வாங்கும்போது பலர் பார்க்கத் தவறுவது துளையின் கோணம். நிப்பிள் உட்காரும் குழிகள் எந்த ஹப்புக்காக அந்த ரிம் செய்யப்பட்டதோ, அந்தக் கம்பிகள் போகும் திசையில் சாய்ந்திருக்கும். 40 துளை, 19 அங்குலம் என்ற இரண்டு எண்ணை மட்டும் பார்த்து வேறு வண்டியின் ரிம்மை வாங்கினால் கம்பி நிப்பிளுக்குள் நேராக நுழையாது. மரை தொடங்கும் இடத்தில் வளைந்து, அங்கேயே ஒடியும். வாங்கும் முன் ஹப்பைக் கடைக்கே எடுத்துப்போய் நான்கு கம்பி கோத்துப் பாருங்கள்.

*கம்பி.* கம்பியின் கனத்தைக் கேஜ் எண்ணில் சொல்வார்கள். எண் சிறிதானால் கம்பி தடிமன். 10 கேஜ் 3.25 மி.மீ.; 9 கேஜ் 3.66 மி.மீ.; 8 கேஜ் 4.06 மி.மீ. குறுக்குப் பரப்பில் 8 கேஜ் கம்பி 10 கேஜைவிட ஒன்றரை மடங்குக்குக் கொஞ்சம் கூடுதல். சைடுகார் வண்டியின் பின் வீலுக்குத் தடித்த கம்பி போடுவது நல்லதுதான். ஆனால் ஹப்பின் துளை அதற்கு இடம் தர வேண்டும். துளையைப் பெரிதாக்கிக் கம்பியை நுழைத்தால் ஹப்பின் விளிம்பு பலவீனமாகும். கம்பி ஒடிந்தால் 1 கம்பிதான் போகும். விளிம்பு பிளந்தால் வீலே போய்விடும்.

துத்தநாகப் பூச்சுக் கம்பி விலை மலிவு, உள்ளூரில் கிடைக்கும். கடலோர ஊர்களில் உப்புக் காற்று அதைச் சீக்கிரம் தின்றுவிடும். அங்கே ஸ்டெயின்லெஸ் கம்பியும் பித்தளை நிப்பிளும் நல்ல ஜோடி. ஸ்டெயின்லெஸ் கம்பிக்கு ஸ்டெயின்லெஸ் நிப்பிளே போட்டால் மரை ஒன்றையொன்று கவ்விப் பூட்டிக்கொள்ளும் வாய்ப்பு உண்டு. அப்படித்தான் போட வேண்டியிருந்தால் மரை பிடித்துக்கொள்வதைத் தடுக்கும் பசையைத் தடவாமல் கோக்காதீர்கள்.

*டயர்.* சாய்ந்து ஓடும் வண்டிக்கான டயர் நடுவில் மேடாக இருக்கும். சாயாத வண்டியில் அதன் நடுப்பட்டை மட்டும் தேய்ந்து மொட்டையாகிவிடும். கூடியவரை தட்டையான முகமுள்ள டயராகத் தேர்ந்தெடுங்கள். டயரின் பக்கச் சுவரில் உள்ள சுமைக் குறியீட்டு எண்ணையும் பாருங்கள்: 54 என்றால் 212 கிலோ, 60 என்றால் 250 கிலோ, 66 என்றால் 300 கிலோ. இருவர் வண்டியிலும் ஒருவர் சைடுகாரிலும் மூட்டையோடு ஏறினால் பின் டயருக்கு எவ்வளவு வரும் என்று எடைமேடையில் ஒருமுறை நிறுத்திப் பார்த்துவிடுங்கள்.

ஐரோப்பாவில் சைடுகார் வைத்திருப்பவர்கள் பலர் பின்னால் 15 அங்குலக் கார் வீல் போடுகிறார்கள். படத்தைப் பார்த்துவிட்டுக் கார் டயரை மோட்டார் சைக்கிள் ரிம்மில் ஏற்ற முயலாதீர்கள். அவர்கள் போடுவது கார் ரிம்மோடு சேர்ந்த வீல். இரண்டு ரிம்களிலும் டயர் உட்காரும் விளிம்பின் வடிவம் வேறு. காற்றடிக்கும்போதோ ஓட்டத்திலோ டயர் கழன்றால் உயிருக்கே ஆபத்து.

*சைடுகார் வீல்.* சிறிய சைடுகார் சிலவற்றில் ஸ்கூட்டரின் 10 அங்குலத் தகட்டு வீல் இருக்கும். ஊருக்குள் ஓட்ட அது போதும். கம்பியே இல்லாததால் இந்த அத்தியாயத்தின் பாதி வேலை மிச்சம். பள்ளத்தில் முழுதாக இறங்கிவிடும் என்பதுதான் குறை. நெடுந்தூரம் போகிறவர் சைடுகாருக்கும் 19 அங்குல ரிம் போடுவது மேல். 3 வீலுக்கும் ஒரே டயர், ஒரே டியூப் என்றால் கையிருப்பு ஒன்றே போதும். ரஷ்யாவின் யூரல் வண்டிகளில் வீல்களையே ஒன்றுக்கொன்று மாற்றிப் போடும்படி செய்து, ஸ்டெப்னியும் கொடுத்தார்கள். புல்லட்டில் முன் ஹப்பும் பின் ஹப்பும் வேறு என்பதால் அந்த வசதி இல்லை.

பழைய வீல் வாங்குவதாக இருந்தால்

புதிதாக வெள்ளி பெயின்ட் அடித்த வீலைத் தொடாதீர்கள். கம்பியின் துருவையும் ஹப்பின் வெடிப்பையும் மறைக்க அதைவிட மலிவான வழி கிடையாது. டயரைக் கழற்றி ரிம்மின் உட்புறத்தைப் பார்க்க விடாத வியாபாரியிடமும் வாங்க வேண்டாம். ரிம் துருப்பிடிப்பது முதலில் உள்ளேதான். ஹப்பின் துளைகள் முட்டை வடிவத்தில் தேய்ந்திருந்தால் அந்த ஹப்பில் எந்தக் கம்பியும் நிலைக்காது.

கையில் இருக்க வேண்டியவை

நிப்பிளின் சதுரத்துக்குச் சரியாகப் பொருந்தும் நிப்பிள் சாவி, 30 செ.மீ. இரும்பு ஸ்கேல், சாக்பீஸ், ஊடுருவும் எண்ணெய், நுண் அரம், பித்தளைத் துண்டு ஒன்று, சிறு சுத்தியல், கண்ணாடி, கையுறை. கட்டிங் பிளேயர் இந்தப் பட்டியலில் இல்லை. பிளேயரால் திருகிய நிப்பிள் உருண்டையாகிவிடும், பிறகு சாவி பிடிக்காது.

மாதம் ஒருமுறை: தட்டிப் பார்த்தல்

1. வண்டியைச் சமதளத்தில் நிறுத்தி, தூக்காத வீல்களுக்கு முன்னும் பின்னும் கட்டை வையுங்கள். சைடுகார் பூட்டிய வண்டி சென்டர் ஸ்டாண்டில் நேராக நிற்காது. ஜாக்கியால் தூக்கி, சட்டத்துக்கு அடியில் மரக்கட்டை அடுக்குங்கள். ஜாக்கியை மட்டும் நம்பிக் கையை உள்ளே விடக்கூடாது.

2. காற்று வால்வுக்குப் பக்கத்துக் கம்பியில் சாக்பீஸால் அடையாளம் போடுங்கள். எங்கே தொடங்கினோம் என்று தெரிய வேண்டும்.

3. சின்ன ஸ்பேனரின் முனையால் ஒவ்வொரு கம்பியையும் நடுவில் லேசாகத் தட்டுங்கள். இறுகிய கம்பி 'டிங்' என்று ஒலிக்கும்; தளர்ந்தது 'டொப்' என்று மந்தமாகச் சொல்லும். ஒரே பக்கத்துக் கம்பிகளை மட்டும் ஒன்றோடொன்று ஒப்பிடுங்கள். டிரம் ஒரு பக்கமாக அமைந்த ஹப்பில் இடப்பக்க ஒலியும் வலப்பக்க ஒலியும் வேறாகத்தான் இருக்கும்.

4. மந்தமாக ஒலித்தவற்றை விரலால் நெருக்கிப் பாருங்கள். பக்கத்துக் கம்பிகளைவிட எளிதாக வளைந்தால் அடையாளம் போடுங்கள்.

5. ஹப்பில் கம்பி வளையும் முழங்கை போன்ற இடத்தைத் துணியால் துடைத்து, வெளிச்சம் அடித்துப் பாருங்கள். துரு நிறத்தில் மெல்லிய கோடு தெரிந்தால் அது வெடிப்பு. அந்தக் கம்பி இன்றே மாற வேண்டும்.

6. வீலைச் சுழற்றி, சட்டத்தில் கட்டிய ஒரு குச்சியை ரிம்முக்கு 3 மி.மீ. தள்ளி நிறுத்துங்கள். இடைவெளி எங்கே கூடுகிறது, எங்கே குறைகிறது என்று பாருங்கள். பக்கவாட்டிலும் மேல்கீழாகவும் 2 மி.மீ. வரை பல கையேடுகள் அனுமதிக்கின்றன. சைடுகார் வண்டிக்கு 1 மி.மீ.க்குள் வைத்துக்கொள்ளுங்கள்.

பின் வீலை முதலில் பாருங்கள். எஞ்சின் இழுப்பும், பெரும் சுமையும், பக்கத் தள்ளலும் ஒன்றாக விழும் இடம் அதுதான். சைடுகார் இடப்பக்கம் உள்ள நம் வண்டிகளில் வலப்பக்கம் திரும்பும்போது எடை சைடுகார் வீல் மேல் சாயும். இடப்பக்கம் திரும்பும்போது சைடுகார் லேசாகி, மோட்டார் சைக்கிளின் இரு வீல்களும் சுமையை வாங்கும். மலைப்பாதைப் பயணம் முடித்து வந்தால் மாதக் கணக்குப் பார்க்காமல் உடனே தட்டிப் பாருங்கள்.

கோட்டம் எடுத்தல்

பட்டறையில் இதற்கென ஒரு ஸ்டாண்டு இருக்கும். வீட்டில் வண்டியின் சுவிங் ஆர்மோ போர்க்கோ போதும். இந்த வேலைக்கு வேண்டியது பொறுமை. வலுவைக் காட்டினால் கெடும்.

1. டயர், டியூப், ரிம் டேப் மூன்றையும் கழற்றுங்கள். டயரோடு வைத்துச் சிறு திருத்தம் செய்யலாம். ஆனால் கம்பி முனை நிப்பிளைத் தாண்டி நீட்டி டியூபைக் குத்துகிறதா என்று அப்போது தெரியாது.

2. எல்லா நிப்பிளுக்கும் இரு முனையிலும் ஊடுருவும் எண்ணெய் ஒரு சொட்டு விட்டு, ஓர் இரவு விடுங்கள். துருப்பிடித்த நிப்பிளை வறட்சியாகத் திருகினால் கம்பிதான் முறுக்கிக்கொள்ளும்.

3. ரிம்மின் இட வல இருப்பை அளந்து எழுதுங்கள். ஹப்பின் விளிம்பிலோ டிரம்மின் ஓரத்திலோ ஸ்கேலை வைத்து, ரிம் ஓரம் வரை எத்தனை மி.மீ. என்று குறித்துக்கொள்ளுங்கள். ரிம் ஹப்பின் நடுவில்தான் இருக்க வேண்டும் என்பதில்லை. வண்டியின் நடுக்கோட்டில் இருக்க வேண்டும்.

4. மேல்கீழ் கோட்டத்தை முதலில் எடுங்கள். ரிம் வெளியே புடைத்திருக்கும் இடத்தில் இரு பக்கத்துக் கம்பிகளையும் இறுக்குங்கள். உள்ளே அமுங்கிய இடத்தில் இரு பக்கத்தையும் தளர்த்துங்கள்.

5. பிறகு பக்கவாட்டுக் கோட்டம். ரிம் இடப்பக்கம் ஒதுங்கியிருந்தால் அந்த இடத்தில் ஹப்பின் வலப்பக்கத்திலிருந்து வரும் கம்பிகளை இறுக்கி, இடப்பக்கக் கம்பிகளை அதே அளவு தளர்த்துங்கள்.

6. ஒரு தடவைக்குக் கால் திருகு. அதற்கு மேல் வேண்டாம். கால் திருகு, ஒரு சுழற்று, ஒரு பார்வை.

7. மேல்கீழைத் திருத்தினால் பக்கம் மாறும். பக்கத்தைத் திருத்தினால் மேல்கீழ் மாறும். 4-ஐயும் 5-ஐயும் மாறி மாறிச் செய்யுங்கள். இடையிடையே 3-இல் எழுதிய அளவையும் சரிபாருங்கள்.

8. எல்லாம் நேரானதும் கையுறை போட்டுக்கொண்டு, அருகருகே உள்ள கம்பிகளை இரண்டிரண்டாகச் சேர்த்துப் பிடித்து அழுத்திப் பிழியுங்கள். 'கிணுக்' என்று சத்தம் கேட்கும். முறுக்கிய கம்பி தன் இடத்தில் உட்காருகிற சத்தம் அது. மறுபடி சுழற்றிப் பாருங்கள். சிறிது கோட்டம் திரும்பியிருக்கும். அதையும் எடுங்கள்.

9. ரிம்மின் உட்புறத்தில் விரலை ஓட்டாமல் கண்ணால் பாருங்கள். நிப்பிளுக்கு மேல் நீட்டியிருக்கும் கம்பி முனைகளை அரத்தால் தேய்த்துச் சமமாக்குங்கள். தூசியைத் துடைத்து, புது ரிம் டேப் கட்டுங்கள்.

அடிக்கடி நடக்கும் தவறு: திருகும் திசை. நிப்பிளை டயர் பக்கத்திலிருந்து பார்த்தால் கடிகார முள் செல்லும் திசையில் திருக இறுகும். நீங்கள் வேலை செய்யும்போது பார்ப்பதோ பெரும்பாலும் ஹப் பக்கத்திலிருந்து; அங்கிருந்து அது எதிர்த்திசையாகத் தெரியும். வீலின் கீழ்ப்பக்கத்தில் ஒரு நிப்பிளையும் மேல்பக்கத்தில் ஒரு நிப்பிளையும் திருகும்போது தலை சுற்றும். தொடங்கும் முன் ஒரு நிப்பிளைத் திருகி, ஒலி ஏறுகிறதா இறங்குகிறதா என்று தட்டிப் பார்த்துத் திசையை உறுதி செய்யுங்கள்.

இன்னொரு தவறு: பள்ளத்தில் விழுந்து ரிம்மே நெளிந்த இடத்தைக் கம்பியால் இழுத்து நேராக்கப் பார்ப்பது. அந்த இடத்துக் கம்பிகள் முழுவதும் தளர்ந்தோ அளவுக்கு மீறி இறுகியோ போனால்தான் ரிம் நேராகத் தெரியும். வீல் நேராகச் சுற்றும், ஒரு மாதத்தில் ஒடியும். சிறு நெளிவைப் பட்டறையில் எடுக்கலாம். பெரிய நெளிவுக்கு மாற்று ரிம்தான்.

ஒடிந்த கம்பியை மாற்றுதல்

மாற்றும் முன் எங்கே ஒடிந்தது என்று பாருங்கள். ஹப் முழங்கையில் ஒடிந்திருந்தால் கம்பி தளர்ந்திருந்தது, அல்லது ஹப் துளை தேய்ந்திருக்கிறது. மரையில் ஒடிந்திருந்தால் நிப்பிளின் கோணம் கம்பியோடு சேரவில்லை. காரணத்தை விட்டுவிட்டுக் கம்பியை மட்டும் மாற்றினால் அடுத்த மாதம் பக்கத்துக் கம்பி.

1. காற்றை முழுவதும் இறக்கிவிட்டு டயரைக் கழற்றுங்கள். ஒடிந்த துண்டும் நிப்பிளும் ரிம்முக்குள் கிடக்கும், தேடி எடுங்கள்.
2. பிரேக் டிரம்மைத் திறக்க நேர்ந்தால் தூசியை ஊதாதீர்கள். பழைய பிரேக் ஷூக்களில் ஆஸ்பெஸ்டாஸ் இருக்கக்கூடும். ஈரத் துணியால் துடைத்து, துணியைத் தூக்கிப் போட்டுவிடுங்கள்.
3. அதே நிலையில் உள்ள இன்னொரு கம்பியை மாதிரியாக எடுத்துக்கொள்ளுங்கள். ஹப் விளிம்பின் உள்ளிருந்து வெளியே வரும் கம்பிக்கும் வெளியிலிருந்து உள்ளே போகும் கம்பிக்கும் வளைவு வேறு. ஒரு பக்க டிரம் உள்ள ஹப்பில் நீளமும் வேறு. நீளம் போதாத கம்பியில் மரை முழுதாக ஏறாது.
4. கோத்த பிறகு முழங்கையில் பித்தளைத் துண்டை வைத்து லேசாகத் தட்டி ஹப்போடு படிய வையுங்கள்.
5. பக்கத்துக் கம்பிகளின் ஒலிக்கு வரும்வரை இறுக்கி, அந்த இடத்தில் கோட்டம் பாருங்கள்.

ஒரே வீலில் 3 அல்லது 4 கம்பிகள் சிறு இடைவெளியில் ஒடிந்தால் மற்றவையும் அதே அளவு களைத்தவைதான். 40-ஐயும் மாற்றுங்கள். முழு வீலையும் புதிதாகக் கோப்பதை முதல் முறை வீல் கோக்கும் கைதேர்ந்த பட்டறைக்காரரிடம் விட்டுவிட்டு, பக்கத்தில் உட்கார்ந்து பாருங்கள். பழைய வீலைப் பிரிக்கும் முன் இரு பக்கமும் படம் எடுத்துக்கொண்டு, ரிம்மின் இருப்பளவைத் துண்டுச் சீட்டில் எழுதிப் பட்டறைக்காரரிடம் கொடுங்கள். இதைச் செய்யாமல் விட்டுவிட்டு, கோத்த வீல் வண்டியின் நடுக்கோட்டுக்கு வராமல் மறுபடி பிரிப்பவர்கள் ஏராளம்.

சைடுகார் வீலின் அச்சு

மோட்டார் சைக்கிள் வீலின் அச்சை இரு பக்கமும் சட்டம் பிடித்திருக்கிறது. சைடுகார் வீலில் பெரும்பாலும் ஒரு பக்கம் மட்டுமே பிடிமானம். மறுமுனை அந்தரத்தில் நிற்கும். அதனால் பேரிங் சீக்கிரம் தேய்கிறது. வீலைத் தரையை விட்டுத் தூக்கி, மேலும் கீழும் கைவைத்து ஆட்டுங்கள். 'கடக்' என்று ஆடினால் பேரிங் பாருங்கள். கம்பி தளர்ந்துவிட்டது என்று நினைத்து இறுக்கிக்கொண்டே இருப்பவர்களின் வண்டியில் உண்மையான கோளாறு பல சமயம் இங்கேதான் இருக்கும். மழையில் தேங்கிய தண்ணீரில் ஓட்டி வந்தால் அந்த வாரமே ஹப்பைத் திறந்து கிரீஸைப் பாருங்கள். பால் நிறமாக மாறியிருந்தால் தண்ணீர் உள்ளே போயிருக்கிறது.

வீல்களின் கோடு

கோடு தவறிய சைடுகார் எத்தனை நல்ல கம்பியையும் தின்றுவிடும். மேலிருந்து பார்க்கும்போது சைடுகார் வீல் முன்பக்கமாக மோட்டார் சைக்கிளை நோக்கிச் சிறிது உள்வாங்கியிருக்க வேண்டும். மோட்டார் சைக்கிளின் இரு வீல்களை ஒட்டி ஒரு நேரான சட்டம், சைடுகார் வீலை ஒட்டி ஒன்று என்று தரையில் வைத்து, முன்னும் பின்னும் இடைவெளியை அளங்கள். முன்பக்கம் 10 முதல் 20 மி.மீ. குறைவாக இருப்பது தொடங்குவதற்கு நல்ல அளவு. உள்வாங்கல் மிகுந்தால் டயரின் ஓரம் ரம்பப் பல்போல் தேயும். அது தெரிந்தால் கம்பியைத் தொடும் முன் கோட்டைச் சரிசெய்யுங்கள்.

வழியில் கம்பி ஒடிந்தால்

ஒடிந்த கம்பியை உருவ முடிந்தால் உருவிவிடுங்கள். முடியாவிட்டால் பக்கத்துக் கம்பியோடு கட்டுக்கம்பியால் இறுகக் கட்டுங்கள். செயினிலோ பிரேக் கம்பியிலோ அது மாட்டக் கூடாது. ஒன்றுதான் ஒடிந்தது என்றால் சைடுகாரில் இருப்பவரை இறக்கி வேறு வண்டியில் ஏற்றிவிட்டு, 40 கி.மீ. வேகத்துக்கு மேல் போகாமல் அருகிலுள்ள பட்டறைக்குப் போங்கள். அடுத்தடுத்து இரண்டு ஒடிந்திருந்தால் ஓட்டாதீர்கள், டெம்போ கூப்பிடுங்கள். பையில் ஒவ்வொரு நீளத்திலும் 2 கம்பி, நிப்பிள், சாவி, ஒரு டியூப் இருக்கட்டும். வெளியூர்க் கடையில் உங்கள் ஹப்புக்கான நீளம் கிடைக்கும் என்று எண்ணிக் கிளம்ப வேண்டாம்.

வேலை முடிந்த பின்

காற்றைச் சேர்த்து, வீலைப் பூட்டி, பிரேக்கை ஒருமுறை மிதித்துப் பார்த்துவிட்டு, முதலில் ஆள் ஏற்றாமல் ஊருக்குள் ஓட்டுங்கள். புதுக் கம்பிகள் உட்காரும்போது நிச்சயம் கொஞ்சம் தளரும். 50 கி.மீ. ஓடியதும், பிறகு 200, பிறகு 500 கி.மீ.யிலும் எல்லாக் கம்பிகளையும் தட்டிப் பாருங்கள். அந்த 500 தாண்டும்வரை சைடுகாரில் குழந்தைகளை ஏற்றாதீர்கள்.